எதைச் சுமப்பது, எதை விடுவது?

மலைப்பாதைகளில் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டும் போட்டிகள் இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றன. வெளியார் உதவி ஏதுமின்றிப் போட்டியாளர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியுடன் நடத்தப்படுபவை அவற்றுள் மிகக் கடினமானவை. பின்தொடரும் வாகனம் கிடையாது. உணவு கொண்டுவந்து தரும் குழு கிடையாது. உறங்கும் பை, மழை அங்கி, பழுது நீக்கும் கருவிகள், குடிநீர் என அனைத்தையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் உள்ள கடைகளில் எவரும் வாங்கக்கூடிய பொருள்களை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மத்திய ஆசியாவின் கிர்கிஸ்தானில் 2018-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பட்டுப்பாதை மலைப்போட்டி இவ்வகையில் பெயர் பெற்றது.

நம் இளைஞர்களிடமும் இந்த ஆர்வம் வளர்ந்து வருகிறது. மணாலியிலிருந்து லே வரையிலான இமயமலைச் சாலையில் மிதிவண்டியில் செல்ல வேண்டும் என்பது பலரின் கனவு. எந்த வண்டியை வாங்குவது, டயரின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை கியர்கள் தேவை, எந்தக் கூடாரம் எடை குறைந்தது என்று அவர்கள் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். விலை உயர்ந்தால் தரமும் உயரும், புதியதாக இருந்தால் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணம் பெரும்பாலோரிடம் இருக்கிறது.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய கிர்கிஸ்தானின் அதே மலைத்தொடரைக் கடந்து, பாரதம் முழுவதும் சுற்றி, நம் காஞ்சிபுரம் வரை வந்து, மீண்டும் மலைகளைக் கடந்து தாயகம் திரும்பிய ஒருவரின் வாழ்க்கை, இந்தக் கேள்விகளுக்கு வேறொரு கோணத்தில் விடை தருகிறது. அவர் சீனத் துறவி யுவான் சுவாங்.

பள்ளிப் பாடநூல்களில் ஹர்ஷரின் ஆட்சியைப் பற்றிக் குறிப்பெழுதிய பயணியாக மட்டுமே அவர் நமக்கு அறிமுகமாகிறார். ஆனால், அவருடைய சீடர் ஹுய்லி எழுதிய வரலாற்று நூலைப் படிப்பவர்களுக்கு, வாகனத்தையும் உடைமைகளையும் வழியையும் தேர்ந்தெடுப்பதில் ஒருவர் படிப்படியாகப் பெற்ற அறிவின் கதையாகவும் அவர் வாழ்க்கை விளங்கும்.

யுவான் சுவாங் கி.பி. 602-ஐ ஒட்டி, இன்றைய சீனாவின் ஹெனான் மாநிலத்தில், கல்வியிற் சிறந்த குடும்பத்தில் நான்காவது மகனாகப் பிறந்தார். அண்ணன் ஒருவர் ஏற்கெனவே துறவியாகியிருந்தார். அவரைப் பின்பற்றித் தம்பியும் 13-ஆவது வயதிலேயே பௌத்த மடத்தில் சேர்ந்தார். சுய் வம்ச ஆட்சி சரிந்து நாடெங்கும் குழப்பம் நிலவிய காலம் அது. ஊர் ஊராக இடம்பெயர்ந்தபடியே கற்ற அவர், ஆசிரியர்கள் ஒரே கருத்துக்கு வெவ்வேறு விளக்கம் தருவதைக் கண்டார். மொழிபெயர்ப்புகளை நம்பிப் பயனில்லை, மூல நூல்கள் பிறந்த பாரத நாட்டுக்கே சென்று கற்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

அப்போதைய தாங் பேரரசு, எல்லை கடந்து மேற்கே செல்ல எவருக்கும் அனுமதி தரவில்லை. உடன் வருவதாகச் சொன்ன துறவிகள் பின்வாங்கினர். யுவான் சுவாங் மட்டும் உறுதியாக இருந்தார். புறப்படுவதற்கு முன் அவர் செய்த முதல் ஆயத்தம் பொருள் சேர்ப்பதன்று. வழியில் நேரக்கூடிய துன்பங்களை ஒவ்வொன்றாக நினைத்து, அவற்றைத் தாங்கும் வலிமை தமக்கு உண்டா என மனத்தைச் சோதித்துப் பார்த்தார். அதன் பிறகே, 629-ஆம் ஆண்டு, தலைநகர் சாங்கானிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

எல்லைப்புற நகரான குவாசௌவை அடைந்தபோது அவர் ஏறி வந்த குதிரை இறந்துவிட்டது. புதிதாக ஓர் இளங்குதிரையை வாங்கினார். வழிகாட்ட முன்வந்த மத்திய ஆசிய இளைஞர் ஒருவர், முதியவர் ஒருவரை அழைத்துவந்தார். ஹாமி நகருக்கு 30 முறைக்கு மேல் போய்வந்தவர் அந்த முதியவர். மெலிந்து முதுமையுற்ற சிவப்புக் குதிரை ஒன்றின் மீது அவர் வந்திருந்தார். பாலைவழியின் கொடுமையை எடுத்துரைத்துப் பயணத்தைக் கைவிடும்படி வேண்டினார். யுவான் சுவாங் இசையாததைக் கண்டு வேறோர் ஆலோசனை கூறினார். அவருடைய குதிரை இளையது, தொலைவழிக்கு ஏற்றதன்று. தம் குதிரையோ ஹாமிக்கு 15 முறை சென்று திரும்பியது, வழியறிந்தது. ஆகவே மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

பார்வைக்கு அழகான இளங்குதிரையைக் கொடுத்து, எலும்பு தெரியும் கிழட்டுக் குதிரையை வாங்குவதற்கு யாருக்கு மனம் வரும்? யுவான் சுவாங் தயங்காமல் மாற்றிக்கொண்டார். சாங்கானில் நிமித்திகர் ஒருவர், மெலிந்த சிவப்புக் குதிரை மீது அவர் செல்வார் என்று முன்பே கூறியிருந்தது நினைவுக்கு வந்ததும் அதற்குக் காரணம் என வரலாற்று நூல் சொல்கிறது. நிமித்தத்தை நம்பினாரோ, முதியவரின் அனுபவத்தை நம்பினாரோ, அந்தத் தேர்வுதான் சில நாள்களில் அவர் உயிரைக் காத்தது.

வழிகாட்டியாக வந்த இளைஞர் முதல் இரவிலேயே கத்தியை உருவிக்கொண்டு நெருங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பிப் படுத்துவிட்டார். சட்டத்தை மீறிய குற்றம் தம்மைச் சூழும் என்று அஞ்சி மறுநாள் விடைபெற்றுச் சென்றார். அதன் பிறகு யுவான் சுவாங் தனித்தே சென்றார். எலும்புகளும் குதிரைச் சாணமுமே பாலைவனத்தில் வழிகாட்டும் அடையாளங்கள். எல்லைக் காவற்கோபுரத்தின் அருகில் தோற்பையில் தண்ணீர் நிரப்பியபோது, காவலர்கள் எய்த அம்பு அவர் முழங்காலை உரசும் அளவுக்கு வந்து விழுந்தது. ஆனால், அக்கோபுரத்தின் தலைவர் பௌத்த நெறியில் பற்றுள்ளவர். அவர் உணவும் தண்ணீரும் தந்து வழியனுப்பினார். நான்காவது கோபுரத்தின் தலைவரோ பெரிய நீர்ப்பை ஒன்றையும் குதிரைக்குத் தீனியும் வழங்கினார்.

அந்தப் பெரிய நீர்ப்பையால்தான் ஆபத்து நேர்ந்தது. 800 லி தூரம் பரந்த மணற்பரப்பில் அவர் வழி தவறினார். ஒரு லி என்பது ஏறத்தாழ அரை கிலோமீட்டர். குறிப்பிட்ட ஊற்றைத் தேடியும் காணவில்லை. தண்ணீர் குடிப்பதற்காகப் பையை எடுத்தபோது, அதன் கனம் தாங்காமல் கை நழுவியது. பல நாள்களுக்கு உதவியிருக்க வேண்டிய நீர் முழுவதையும் ஒரே நொடியில் மணல் குடித்துவிட்டது. இன்றும் நெடும்பயணம் செல்வோர் தண்ணீரை இரண்டு மூன்று கலன்களில் பிரித்துக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

திரும்பிச் செல்ல எண்ணிக் கிழக்கே 10 லி தூரத்துக்கு மேல் நடந்த அவர், பாரதத்தை அடையாமல் ஓரடியும் கிழக்கே வைப்பதில்லை என்று தாம் எடுத்திருந்த உறுதியை நினைத்து மீண்டும் வடமேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டு நீரும் இல்லை. மணலில் வீழ்ந்து கிடந்தவரை ஐந்தாம் இரவில் குளிர்ந்த காற்று எழுப்பியது. சில தூரம் சென்றதும் குதிரை திடீரென வேறு திசையில் திரும்பியது. கடிவாளத்தை இழுத்தும் நிற்கவில்லை. அது கொண்டுசேர்த்த இடத்தில் பசும்புல்லும் தெளிந்த குளமும் இருந்தன. 15 முறை சென்றுவந்த அனுபவம் அந்தக் குதிரையின் கால்களில் இருந்தது.

பாலைவனத்தைக் கடந்து அவர் சென்றடைந்த காவோசாங் நாட்டில் நேர்மாறான சிக்கல் காத்திருந்தது. அந்நாட்டு அரசர் அவரைத் தம் நாட்டிலேயே குருவாக இருத்திக்கொள்ள விரும்பினார். போக விடமாட்டேன் என்றார். யுவான் சுவாங் மூன்று நாள்கள் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் அமர்ந்திருந்து அரசரின் மனத்தை மாற்றினார். திரும்பும் வழியில் மூன்றாண்டுகள் அங்குத் தங்குவதாக வாக்களித்தார்.

அதன் பின் அரசர் செய்த ஏற்பாடு, ஒரு மலைப்பயணத்துக்கு வேண்டியவற்றின் முழுப்பட்டியல் போலவே இருக்கிறது. 4 இளந்துறவிகள், 25 ஏவலர்கள், 30 குதிரைகள், 30 துறவாடைகள். குளிரிலிருந்து காக்க முகமூடிகள், கையுறைகள், காலணிகள், காலுறைகள். வழிச்செலவுக்குப் பொன்னும், 30,000 வெள்ளிக்காசுகளும், 500 சுருள் பட்டும். இவை 20 ஆண்டுகளுக்குப் போதுமானவை எனக் கணக்கிடப்பட்டன. வழியிலுள்ள 24 நாடுகளின் அரசர்களுக்கு 24 கடிதங்களும் எழுதித் தரப்பட்டன. ஒவ்வொரு கடிதத்துடனும் ஒரு சுருள் பட்டு. பட்டு அந்நாளில் மத்திய ஆசியாவில் உடுக்கும் துணி மட்டுமன்று. சந்தையில் செல்லுபடியாகும் நாணயம், அரசவையில் நுழைவதற்கான சீட்டு. தறியும் பாவும் தெரிந்த காஞ்சி மக்களுக்கு, எடை குறைந்து மதிப்பு மிகுந்த பொருள் அது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை வசதியுடன் குச்சா நகரை அடைந்த அவர், அங்கு 60 நாள்களுக்கு மேல் காத்திருந்தார். மலைப்பாதையைப் பனி மூடியிருந்ததே காரணம். பிறகு தியான் ஷான் மலைத்தொடரின் பனிக்கணவாயில் ஏறினார்கள். காலணிகளையும் கம்பளி உடைகளையும் அடுக்கடுக்காக அணிந்தும் நடுக்கம் தீரவில்லை. உலர்ந்த நிலமே இல்லாததால் பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சமைத்தனர். பனிக்கட்டியின் மீதே பாய் விரித்து உறங்கினர். 7 நாள்களுக்குப் பின் மலையைக் கடந்தபோது, உடன் வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் பசியாலும் குளிராலும் மாண்டிருந்தனர். மாடுகளும் குதிரைகளும் அதைவிட மிகுதியாக இறந்தன. அரசர் தந்த உடைமைகள் மலையின் முன் முழுக் காப்பாக அமையவில்லை. அவை இல்லாதிருந்தால் எஞ்சியவர்களும் பிழைத்திருப்பார்களா என்பது ஐயமே.

மலையின் மறுபுறம் இசிக் குல் ஏரி. அங்கிருந்து துருக்கியரின் நாடு, சமர்கந்து, பல்க், பாமியான் வழியாக அவர் பாரதத்தை அடைந்தார். காஷ்மீரத்தில் கற்றார். நாளந்தாவில் முதுபெரும் ஆசிரியர் சீலபத்திரரிடம் ஐந்தாண்டுகள் பயின்றார். பின்னர்க் கிழக்கே சென்று வங்கக் கடற்கரையில் உள்ள தாமிரலிப்தித் துறைமுகத்தை அடைந்தார். இலங்கைக்குக் கப்பலேறுவது அவர் எண்ணம். அங்குச் சந்தித்த தென்னாட்டுத் துறவி ஒருவர், நெடுங்கடல் பயணம் புயலுக்கும் அலைக்கும் உட்பட்டது, தென்கோடி வரை தரைவழியே சென்றால் அங்கிருந்து மூன்று நாள் கடற்பயணத்தில் இலங்கையை அடையலாம் என்று அறிவுறுத்தினார். வழியறிந்தவரின் சொல்லை மீண்டும் ஏற்றார் யுவான் சுவாங். கலிங்கம், கோசலம், ஆந்திரம் எனத் தெற்கு நோக்கி நடந்து, சுமார் 640-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் வந்துசேர்ந்தார்.

அப்போது ஆட்சி செய்தவர் பல்லவ மன்னர் முதலாம் நரசிம்மவர்மன். இன்று நாம் காணும் கயிலாசநாதர் கோயிலோ வைகுந்தப் பெருமாள் கோயிலோ அன்று கட்டப்பட்டிருக்கவில்லை. தலைநகரின் சுற்றளவு 30 லி என்றும், நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும், ஏறத்தாழ 80 தேவர் கோயில்களும், சமணர் பலரும் இருந்தனர் என்றும் அவர் குறிப்பு கூறுகிறது. மண் வளமானது, மக்கள் துணிவும் வாய்மையும் கல்விப்பற்றும் உடையவர்கள் என்று பதிவு செய்தார். தம் ஆசிரியர் சீலபத்திரரின் ஆசிரியரான தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்பதால், அந்நகர் அவருக்குக் குருவின் குருவுடைய ஊராகவும் இருந்தது.

ஆண்டுக்கணக்கில் நினைத்துவந்த இலங்கை, அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால், அக்கரையிலிருந்து சுமார் 300 துறவிகள் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தனர். அங்கு அரசர் இறந்துவிட்டார். நாட்டில் பஞ்சமும் கலகமும் நிலவுகின்றன என்று அவர்கள் கூறினர். யுவான் சுவாங் அவர்களிடம் யோக நூல்கள் குறித்து வினவினார். அவர்கள் தந்த விளக்கம், சீலபத்திரரிடம் தாம் கற்றதைக் கடந்து செல்லவில்லை என்பதை உணர்ந்தார். கடல் கடக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அவர்களுள் சிலருடன் வடமேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

கோபிப் பாலையில் தண்ணீரை இழந்தும் திரும்ப மறுத்தவர், காஞ்சியில் வலிமையோடு இருந்தும் திரும்பினார். இரண்டும் ஒரே மனிதரின் முடிவுகள். பாலையில் திரும்பியிருந்தால் பயணத்தின் நோக்கமே அழிந்திருக்கும். காஞ்சியில் முன்னே சென்றிருந்தால், நோக்கத்திற்குப் புதிதாக எதுவும் சேராமல் உயிருக்கு மட்டும் ஆபத்து சேர்ந்திருக்கும். மலையேறுவோரும் நெடுந்தூர ஓட்டிகளும் கற்க வேண்டியவற்றுள் மிகக் கடினமானது இந்த வேறுபாடுதான். எந்தக் கடையிலும் இது விற்பனைக்குக் கிடைப்பதில்லை.

தாயகம் திரும்ப வேண்டிய காலம் வந்தது. கடல்வழியே செல்வதானால் தூதர்களை உடன் அனுப்புவதாகப் பேரரசர் ஹர்ஷர் கூறினார். யுவான் சுவாங் மலைவழியையே தேர்ந்தெடுத்தார். காவோசாங் அரசருக்குக் கொடுத்த வாக்கு அவரைத் தடுத்தது. ஹர்ஷரும் காமரூப மன்னர் பாஸ்கரவர்மனும் பொன்னும் மணியுமாகக் குவித்த பரிசுகளை அவர் மறுத்தார். பாஸ்கரவர்மன் தந்தவற்றுள் ஒன்றை மட்டும் ஏற்றார். அது வழியில் மழையிலிருந்து காக்கும் மேலங்கி. பின்னர் ஹர்ஷர், சுமை தாங்க ஒரு பெரிய யானையையும் துணைக்கு வருவோருக்கு வழிச்செலவையும் அனுப்பிவைத்தார்.

முதற்பயணத்தில் 20 ஆண்டுகளுக்கான பொருள்களுடன் புறப்பட்டவர், திரும்பும்போது தமக்கென எடுத்துக்கொண்டது ஒரு மழை அங்கி. ஆனால், குறைக்க முடியாத சுமை ஒன்று இருந்தது. அது நூல்கள். சிந்து நதியைக் கடந்தபோது அவர் யானை மீது சென்றார். நூல்களும் மலர் விதைகளும் படகில் சென்றன. திடீர்க் காற்றில் படகு தத்தளித்தது. 50 சுவடிக்கட்டுகளும் விதைகளும் ஆற்றோடு போயின. இந்துகுஷ் மலையில் ஏறியபோது அவருடன் எஞ்சியவர்கள் 7 துறவிகளும் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கூலியாள்களும். ஒரு யானை, 10 கோவேறு கழுதைகள், 4 குதிரைகள். ஏறிச்செல்ல இயலாத சரிவுகளில் கோலூன்றி நடந்தார். பாமிர் மலைப்பகுதியைக் கடந்தபின் கள்வர் துரத்தியதில் அந்த யானையும் நீரில் மூழ்கி இறந்தது.

வாக்குக் கொடுக்கப்பட்ட காவோசாங் அரசரும் அப்போது உயிருடன் இல்லை. 640-ஆம் ஆண்டில் தாங் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றியிருந்தன. படையெடுப்பின்போதே அரசர் இறந்துபோனார். யாருக்காகக் கடல்வழியை மறுத்தாரோ, அவரைக் காணும் பேறு யுவான் சுவாங்குக்குக் கிட்டவில்லை.

கோட்டான் நகரில் மாதக்கணக்கில் தங்கி, அனுமதியின்றி நாட்டை விட்டுச் சென்றதற்காகப் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதினார். ஆற்றில் இழந்த நூல்களுக்குப் படிகள் கிடைக்குமா எனக் குச்சாவுக்கும் காஷ்கருக்கும் ஆளனுப்பினார். பேரரசரிடமிருந்து அன்பான மறுமொழி வந்தது. 645-ஆம் ஆண்டு அவர் சாங்கானுக்குள் நுழைந்தபோது, 657 நூல்கள் 520 கட்டுகளாக 20 குதிரைகளின் மீது வந்தன. அரசுப் பதவியை மறுத்து, எஞ்சிய 19 ஆண்டுகளையும் மொழிபெயர்ப்பில் செலவிட்டார். 75 நூல்கள், 1,335 பகுதிகள். 664-ஆம் ஆண்டு மறைந்தார்.

காஞ்சியின் ஏழாம் நூற்றாண்டு வாழ்வைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் ஒரு பகுதி, அவர் 646-இல் எழுதி முடித்த பயண நூலிலிருந்து கிடைத்தது. பனியிலும் வெள்ளத்திலும் யானையையும் குதிரைகளையும் தோழர்களையும் இழந்த ஒருவர், ஏட்டையும் நினைவையும் இழக்காமல் கொண்டுசேர்த்ததால் நமக்குக் கிட்டிய செல்வம் அது.

மலைப்பயணத்துக்குப் புறப்படும் இளைஞர்கள் நல்ல வண்டியையும் நல்ல கருவிகளையும் வாங்கட்டும்; அதில் தவறில்லை. கைகளையும் முகத்தையும் குளிரிலிருந்து காப்பவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பதையே பனிக்கணவாயும் கற்பிக்கிறது. ஆயினும், பளபளப்பைவிடப் பழகிய வண்டி மேலானது. தண்ணீர் முழுவதையும் ஒரே பையில் வைப்பது ஆபத்து. வழியறிந்தவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கவும், பனி உருகும்வரை காத்திருக்கவும் மனம் வேண்டும். பிறர் தருவதையெல்லாம் ஏற்றிக்கொள்ளாமல் மழை அங்கியை மட்டும் எடுத்துக்கொள்ளும் தெளிவு வேண்டும். இவற்றோடு, எதற்காகப் போகிறோம் என்பதைப் புறப்படும் முன்பே தமக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் உறுதியாக நிற்பது, எந்த இடத்தில் திரும்புவது என்பதை முடிவு செய்ய அது ஒன்றே அளவுகோல்.